கொடிக்குத் தூக்கும் துடுப்பு

கொடிமரத்தில் கருப்புப் பந்து ஏறியபோது சுக்கான்காரர் படித்துறையின் கடைசிப் படியில் நின்று, சட்டையின் பித்தளைப் பொத்தான் ஒன்றை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற பொத்தான்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. இது ஒன்று மட்டும் காலையிலிருந்து மங்கிக் கிடந்து அவர் நிம்மதியைக் கெடுத்தது. பந்து ஏறியதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. உருளையில் கயிறு கிறீச்சிடும் சத்தமே அவருக்குப் போதும். பெரிய கப்பல் ஒன்று உள்ளே வருகிறது என்று பொருள். பந்து இறங்கும்வரை தோணி, படகு, பாய்மரம் எதுவும் கப்பல் பாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது. கடந்தால் படகு பறிமுதல், ஆள் உள்ளே. துறைமுக வாசலில் நட்டிருந்த பலகையில் இதை மூன்று மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். சுக்கான்காரருக்கு ஒரு மொழியிலும் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் தலையை லேசாக அசைத்துவிட்டுத்தான் போவார்.

பலகையில் இருந்த விதிகளில் பாதி ஒரே ஒரு படகைப் பற்றியது. துறைமுகத்துக்கே எஜமானரான துரை ஏறிப் போகும் வெள்ளைப் படகு அது. பின்புறக் கம்பத்தில் நீலக்கொடி பறப்பதால் கொடிப்படகு என்று பெயர். கருப்புப் பந்து ஏறியிருந்தாலும் அது மட்டும் போகலாம். நீலக்கொடி கண்ணில் பட்டதும் எந்தப் படகும் அப்படியே நின்று, துடுப்புகளை நீரிலிருந்து எடுத்துச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீராவிக் கப்பலாக இருந்தால், அது கிளப்பும் அலை கொடிப்படகை ஆட்டாதபடி வேகத்தைக் குறைத்து, தன் பின்புறக் கொடியைப் பாதிவரை இறக்கி ஏற்ற வேண்டும். துடுப்பைத் தூக்கி நிற்பவன் கொடிப்படகில் இருப்பவரை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. தன் முழங்காலைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தால் துரையின் முகத்தில் என்ன குறைந்துவிடும் என்று யாருக்கும் தெரியாது. எப்போது தூக்க வேண்டும் என்று இவ்வளவு விவரமாக எழுதியவர்கள், எப்போது இறக்க வேண்டும் என்று எழுத மறந்துபோனார்கள். கொடி தாண்டியதும் அவரவரே இறக்கிக்கொள்வார்கள். படகுக்குள்ளும் விதிகள் உண்டு. பேசக் கூடாது. பெண்கள் ஏறக் கூடாது. படகுக்காரர்களின் வீட்டு ஆட்கள் ஏறவே கூடாது. துரை தம் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் கொடி ஏற வேண்டும், அவர் எழுந்து இறங்கியதும் கொடியும் இறங்கிவிட வேண்டும்.

மீசை கருத்திருந்த காலத்திலிருந்து அந்தப் படகின் சுக்கானைப் பிடித்து வந்தவர் இவர். பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்போதோ நின்றுபோய்விட்டது. சுக்கான்காரர் என்றால் இவர்தான்; மற்ற படகுகளில் சுக்கான் பிடிப்பவர்கள் எல்லாம் வெறும் படகுக்காரர்கள். நீலச் சட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டை, மார்பில் பித்தளை வில்லை. காலையில் படகு கிளம்பி நடுத் துறைக்கு வரும்போது இரு பக்கமும் துடுப்புகள் வரிசையாக எழும். அப்போது அவர் முதுகு தானாக நிமிரும், தாடை ஒரு விரற்கடை மேலே போகும். மரியாதை துரைக்கு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துரைகள் வருவார்கள், போவார்கள். நாலைந்து பேரை அவரே ஏற்றி இறக்கிவிட்டார். சுக்கானில் இருந்த கை மட்டும் மாறவில்லை. அதனால் அந்த மரியாதையில் ஒரு சின்னப் பங்கு தன் பேரிலும் சேர்கிறது என்று அவர் யாரிடமும் சொல்லாமல் நம்பிவந்தார். சொல்லாவிட்டாலும் அவர் மனைவிக்குத் தெரிந்துதான் இருந்தது. சட்டையைத் துவைத்துப் பெட்டி போடுகிறவளுக்கு அதற்குள் இருக்கிற ஆளைத் தெரியாதா என்ன.

"அவங்க கொடிக்குத் தூக்குறாங்க. நீங்க எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சுக்கறீங்க?" என்பாள். "கொடிய வீட்ல வெச்சுட்டு ஒரு நாள் போய்ப் பாருங்களேன். ஒரே ஒரு துடுப்பு எழும்பட்டும், அப்பறம் நான் வாயே தொறக்கல."

அன்று முழுக்க அவர் அவளோடு பேச மாட்டார். அவளும் அதை ஓய்வாக எடுத்துக்கொள்வாள்.

அந்த மனைவிதான் இப்போது படிகளில் இறங்கி ஓடி வந்தாள். பெண்கள் கால் வைக்கக் கூடாத படிகள் அவை. 'மேலே போ' என்று அவர் கையைக் காட்டினார். அவள் அந்தக் கையைக் கவனிக்கவே இல்லை. முந்தானை ஒரு பக்கம், தலைமுடி ஒரு பக்கம். இவ்வளவு கலைந்த கோலத்தில் அவளை அவர் பார்த்தது மகள் பிறந்த அன்றுதான்.

"புள்ளைக்கு முடியலங்க."

மகளுக்கு முந்தைய நாள் சாயங்காலமே வலி எடுத்திருந்தது. மருமகன் எங்கோ தூரத்துக் கடலில் ஒரு கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். காலையில் இவர் வேலைக்குக் கிளம்பும்போது மருத்துவச்சி வாசலுக்கு வந்து, தலைப்பிள்ளை என்றால் இப்படித்தான் இழுக்கும், நீங்கள் போங்கள் என்று அனுப்பியிருந்தாள்.

"இப்ப அவளே கைய விரிச்சுட்டா. குழந்த குறுக்க கெடக்குதாம். எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா ரெண்டு உசுரும் தங்கும்ங்கறா."

"எவ்வளவு நேரம் தாங்கும்னு கேட்டியா?"

"கேட்டேன். கேட்டுக்கிட்டு நிக்காதடின்னு திட்டினா."

ஆஸ்பத்திரி கண்ணுக்கு எதிரே இருந்தது. துறைமுக நீருக்கு அந்தப் பக்கம், மேட்டின் மேல், வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடுமாக. ஜன்னல்களைக்கூட இங்கிருந்து பார்க்கலாம். வண்டியில் போவதென்றால் கரையைச் சுற்றி, ஆற்றுப் பாலத்தைத் தொட்டு, மேடு ஏறி, போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். படகில் போகலாம் என்றால் மேலே கருப்புப் பந்து. துறைமுக வாயிலுக்கு வெளியே புகை மட்டும் தெரிந்தது. அந்தக் கப்பல் உள்ளே நுழைந்து, நங்கூரம் போட்டு, பந்து இறங்க உச்சி தாண்டிவிடும். அதில் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று துரையே விடியற்காலையில், கப்பலை உள்ளே கூட்டிவரப் போகும் படகில் ஏறி வெளியே போயிருந்தார். அதனால்தான் கொடிப்படகு காலையிலிருந்து படித்துறையில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. பின்னிருக்கைக்குக் கீழே, மெழுகுத் துணிப் பையில், நீலக்கொடி மடித்து வைத்தபடி இருந்தது.

மனைவி வெள்ளைப் படகைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் எதற்கெடுத்தாலும் ஒரு வார்த்தை வைத்திருந்தவள் அந்த ஒரு நேரத்தில் பேசாமல் நின்றாள். கேட்டால் அவரிடம் என்ன கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. துரை இல்லாமல் கொடியை ஏற்றுவது திருட்டைவிடப் பெரிய குற்றம். வேலை போகும். குடியிருப்பு போகும். விலங்கு மாட்டி வாசல் பலகையைத் தாண்டியே நடத்திக்கொண்டு போவார்கள். இத்தனைக்கும் மேலே, அந்த நீலச் சட்டை போகும். அது இல்லாமல் தான் யார் என்று யோசித்தபோது சுக்கான்காரருக்கு உடனே ஒரு பதிலும் கிடைக்கவில்லை. பயமாக இருந்தது. வாழ்நாளில் ஒரு விதியைக்கூட மீறாத மனிதனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது.

பொத்தானில் இருந்த விரலை எடுத்தார்.

"அவளத் தூக்கிட்டு வாங்க" என்றார்.

துடுப்புக்காரர்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சுருக்கமாகச் சொன்னார். "கொடிய ஏத்தப் போறேன். துரை கெடையாது, எம் பொண்ணுதான். மாட்டினா வேல போகும், அதுக்கு மேலயும் போகும். விருப்பம் இல்லாதவங்க இப்பவே எறங்கிடுங்க. நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்."

முதல் துடுப்பில் உட்காருகிறவனுக்கு வாயாடி என்று பெயர். படகுக்குள் பேசக் கூடாது என்ற விதி அவன் ஒருவனை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பார்கள். "எறங்கறதுக்கு இன்னும் ஏறவே இல்லியேண்ணே" என்றபடி அவன் எழுந்து போய்த் தன் பலகையில் உட்கார்ந்துகொண்டான். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். அவனுக்கு அடுத்த துடுப்புப் பிடிக்கும் நெட்டையன் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, துரையின் இருக்கை மெத்தையை எடுத்துத் தட்டி, நீளவாக்கில் திருப்பிப் போட்டான்.

மகளைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். தாயின் மடியில் தலை, துரையின் மெத்தையில் உடம்பு. மருத்துவச்சியும் ஏறினாள். அவளை வேண்டாம் என்று சொல்ல சுக்கான்காரர் வாயெடுத்தார். "ஒரு பொம்பள ஏறினாலே சட்டம் ஒடையுமாம். மூணு பேரு ஏறினா மட்டும் இன்னும் நல்லா ஒடைஞ்சுருமா? படக எடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மகளின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். சுக்கான்காரர் கொடியைக் கயிற்றில் கோத்தார். வேறு நாளில் கண்ணை மூடிக்கொண்டு போடும் முடிச்சு, அன்று மூன்றாவது தடவைதான் விழுந்தது. காற்று வந்து நீலத்தைப் பிரித்தது.

பந்துக்காகக் கப்பல் பாதையின் ஓரத்தில் காத்து நின்ற படகுகள்தான் முதலில் கொடியைக் கண்டன. மீன்படகுகள், காய்கறி ஏற்றிய தோணிகள், ஆட்கள் தலையிலிருந்து கால்வரை கறுத்து உட்கார்ந்திருக்கும் கரித் தோணிகள். துடுப்புகள் எழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, எப்போதும் எழுவதுபோலத்தான் எழுந்தன. தலைகள் குனிந்தன. ஆனால் குனிவதற்கு முன் ஒரு கண்சிமிட்டும் நேரம் இருக்கிறதே, அதில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். மெத்தையில் யார் கிடக்கிறார்கள் என்பது வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொடிப்படகு போவதற்கு முன்பே போய்விட்டது. எப்படிப் போனது என்று சுக்கான்காரருக்கு விளங்கவில்லை, ஒரு வாயும் அசையவில்லை.

அப்போதுதான் அவர் மகளைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துப் பற்களால் கடித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. சின்ன வயதில் படித்துறைக்கு மேலே நின்று கையை ஆட்டி "அப்பா" என்று கத்துவாள். வீட்டுக்கு வந்ததும் அவர் அவளை உட்கார வைத்துச் சொல்வார்: கொடிப்படகு போகும்போது சத்தம் போடக் கூடாது, அப்பாவுக்கு மரியாதை கெட்டுவிடும் என்று. ஒரு தடவையா இரண்டு தடவையா. அதை அவள் இன்னும் மறக்கவில்லை. அவள் அப்பாவின் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தாள்.

"அதத் துப்பும்மா" என்றார். கொடி பறக்கும்போது அந்தப் படகில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "கத்துடா கண்ணு. நல்லாக் கத்து. சட்டத்த நான் பாத்துக்கறேன்."

அவள் கத்தினாள். அது நீரின் மேல் வழுக்கிக்கொண்டு துறைமுகத்தின் நாலு மூலைக்கும் போனது. கொடிமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த பறவைகள் கலைந்தன. இரு பக்கமும் தூக்கிய துடுப்பு ஒன்றுகூட அசையவில்லை. யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கரித் தோணியில் ஒரு கிழவரின் தோள் நடுங்கியது, அவ்வளவுதான். எத்தனையோ துரைகள், அவர்களுடைய விருந்தாளிகள், ஒரு தடவை நகை பூட்டிய மகாராணி ஒருத்தியைக்கூட இந்த வழியாக அவர் கொண்டுபோயிருக்கிறார். இவ்வளவு நேராகத் துடுப்புகள் நின்று அவர் பார்த்ததில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. பெண் உயிருக்குப் போராடும்போது பெருமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பெருமை போகவில்லை.

கப்பல் பாதையின் நடுவுக்கு வந்தபோது பெரிய கப்பல் வாயிலுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. கறுத்த முகப்பு, அதன் கீழே வெள்ளை நுரை. அந்த வேகத்தில் அது வந்தால் இவர்கள் நின்றுவிட வேண்டியதுதான். நின்றாலும் அது கிளப்பும் அலையில் படகு தட்டாமாலை சுற்றும். படுத்திருப்பவள் தாங்க மாட்டாள். விதிப்படி கப்பல்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் கப்பலின் மேல்மேடையில் வெள்ளை உடுப்பில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி நிற்பவரைச் சுக்கான்காரர் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வார். துரையின் மற்றொரு கையில் தூரக்கண்ணாடி இருந்தது. தன் படகு, தன் கொடி, தன் மெத்தை, எல்லாம் எதிரே வருகிறது; தான் மட்டும் அதில் இல்லை. அந்த வேடிக்கையைத் துரை தூரக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். 'அது நான் இல்லை, நீ போ' என்று கப்பல் தலைவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வாயாடி துடுப்பைப் பாதியில் நிறுத்தினான். "அண்ணே, நிறுத்திரலாமா?"

"கொடி பறக்குதுல்ல?"

"பறக்குது."

"அப்ப போடு."

சுக்கானில் இருந்த கை மயிரிழைகூட விலகவில்லை. அவர் கப்பலைப் பார்க்கவில்லை, எதிர்க்கரைப் படித்துறையையே பார்த்தார். முகப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. இயந்திரத்தின் அதிர்வு படகின் பலகையில் ஏறிப் பாதத்தில் தெரிந்தது. மருத்துவச்சி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கப்பலின் சங்கு ஒருமுறை நீளமாக ஊதியது. நுரை தணிந்தது. அதிர்வு இறங்கி இறங்கி நின்றேபோனது. பின்புறக் கொடி கம்பத்தில் பாதிவரை இறங்கி, ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, மறுபடி ஏறியது. அந்த மலையத்தனை இரும்பு நீரில் அசையாமல் நிற்க, வெள்ளைப் படகு அதன் முகத்துக்கு முன்னால் குறுக்கே கடந்தது. கப்பல் தலைவன் நெற்றியில் கைவைத்து நின்றான். துரையின் கையும் நெற்றிக்குப் போனது. அது சலாமா, கண்ணில் வெயில் கூசியதா என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சலாம்தான் என்று வாயாடி இன்றுவரை சொல்கிறான். அவன் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிப் படித்துறைக் காவலன் நீலக்கொடியைப் பார்த்துப் பதறி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஊதலை ஊதினான். உள்ளேயிருந்து நாலு பேர் தூளியோடு ஓடி வந்தார்கள். துரைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு டாக்டரே படியிறங்கி வந்துவிட்டார். வந்த பிறகு படுத்திருப்பது யாராக இருந்தால் என்ன, அவர் பார்த்த பார்வையிலேயே 'உள்ளே, உள்ளே' என்று விரட்டத் தொடங்கினார். படகு கரையைத் தொட்டதும் துடுப்புக்காரர்கள் பழக்கதோஷத்தில் துடுப்புகளைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். துரை இறங்கும்போது செய்வது அது. சுக்கான்காரரும் அதே தோஷத்தில் எழுந்து விறைப்பாக நின்று நெற்றியில் கைவைத்தார். இரண்டு வரிசைத் துடுப்புகளுக்கு நடுவே மகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாங்கள் என்ன செய்கிறோம் என்பது பாதியில் எல்லோருக்கும் உறைத்தது. ஆனாலும் ஒருவரும் இறக்கவில்லை. படிகளின் வளைவில் அவள் மறைந்த பிறகுதான் அவர் கையை எடுத்தார். ஏறி வந்தவர் இறங்கியாகிவிட்டது. கொடியை இறக்கி, மடித்து, பையில் வைத்தார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். குளித்து, பொத்தான்கள் எல்லாவற்றையும் துடைத்து, சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். துரை ஜன்னலைப் பார்த்து நின்றார். துரை சொல்வதைக் குமாஸ்தா தமிழில் சொன்னார்.

"கொடிய ஏத்தினது யாருன்னு கேக்கறார்."

"நான்தான்."

"யாரோட உத்தரவு?"

"யாரும் உத்தரவு குடுக்கல. துடுப்புக்காரங்க நான் சொன்னதச் செஞ்சாங்க. அவங்க மேல ஒண்ணும் இல்ல."

துரை நீளமாக ஏதோ சொன்னார். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேத்து துறையில நின்ன படகுக்காரங்க அத்தன பேரையும் விசாரிச்சாச்சாம். படகுல யாரு இருந்தான்னு ஒருத்தனுக்கும் தெரியலயாம். கேட்டா, கொடியப் பாத்தா முழங்கால்தான் பாக்கணும்னு வாசப் பலகைல எழுதியிருக்கு, நாங்க முழங்காலத்தான் பாத்தோம்ங்கறாங்களாம். இது நீ சொல்லிக் குடுத்ததான்னு கேக்கறார்."

"பலகை சொல்லிக் குடுத்தது" என்றார் சுக்கான்காரர்.

குமாஸ்தா அதைத் துரையின் மொழியில் எப்படிச் சொன்னாரோ, சொல்லும்போது அவர் உதட்டோரம் நிற்காமல் துடித்தது. தண்டனை என்று மேலே எழுதி அனுப்பினால், பெரிய மனிதர் ஒருவர் வந்த கப்பல் ஒரு படகுக்காரன் மகளுக்காக நின்று கொடி தாழ்த்தியதையும், துரை பக்கத்திலேயே நின்றதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கடைசியில் துரை இரண்டே வாக்கியம் சொன்னார். இனி நீலக்கொடி அலுவலகப் பெட்டியில் பூட்டி வைக்கப்படும். இந்த ஆள் நாளையிலிருந்து தண்ணீர்ப் படகில். கப்பலை நிறுத்தச் சொன்னது அவரா, கப்பல் தலைவன் விதிப்படி தானே நிறுத்தினானா என்பதை அவர் சொல்லவில்லை. சுக்கான்காரரும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி, பட்டையை மடித்து, வில்லையை மேலே வைத்து மேசையில் வைத்தார். வெளியே வரும்போது, பெட்டி போட்டுப் போட்டு அந்தச் சட்டைக் கழுத்து ஓரத்தில் நைந்திருந்தது நினைவுக்கு வந்தது. மனைவியிடம் சொல்ல மறந்த விஷயம் அது.

தண்ணீர்ப் படகு என்பது கப்பல்களுக்குக் குடிநீர்ப் பீப்பாய்களை ஏற்றிப் போகும் அகலமான, தார் பூசிய பழைய படகு. துறைமுகத்தில் அதை எருமை என்பார்கள்; அவ்வளவு சாவதானம். கொடிப்படகின் சுக்கானுக்கு நெட்டையன் வந்தான். வந்த இரண்டாம் நாளே வாயாடி அவனிடம் ஏதோ வாய் கொடுத்து, வேண்டுமென்றே கொடுத்தான் என்று கேள்வி, எருமைக்கே மாற்றலாகி வந்து சேர்ந்தான். "அங்க பேசவே விடமாட்டேங்கறாங்கண்ணே" என்றான். எருமைக்கு ஒரு வசதி இருந்தது. அதில் யார் ஏறலாம், ஏறக் கூடாது என்று எழுத ஒருவரும் மெனக்கெடவில்லை.

அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து மகளை வீட்டுக்கு அழைத்து வந்ததும் அதில்தான். காலிப் பீப்பாய்களுக்கு நடுவே பாய் விரித்து மகள் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, வயிற்றில் கை வைத்து, ஆனால் சிரித்துக்கொண்டு. மனைவியின் தோளில் பேத்தி. ஏற்றும்போது அவள் அவருடைய பழைய மல் சட்டையைப் பார்த்தாள். அது மட்டுமா, கன்னத்தில் இரண்டு நாள் முடி. ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார், சொல்லவில்லை. அந்த நாளிலிருந்தே அவள் அவரைக் கேலி பண்ணுவதை நிறுத்தியிருந்தாள். அது அவருக்கு வில்லையைக் கழற்றிக் கொடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

பாதித் துறையில் வரும்போது பின்னால் நீலம் தெரிந்தது. கொடிப்படகு, துரையோடு. வாழ்நாளில் முதல் தடவையாகச் சுக்கான்காரர் அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார். எருமையின் துடுப்புகள் எழுந்தன. அவர் முழங்காலைப் பார்த்தார். வேட்டியில் தார்க் கறை இருந்தது. வெள்ளைப் படகு சத்தமில்லாமல் தாண்டிப் போனது. நெட்டையன் சுக்கானை நன்றாகவே பிடித்திருந்தான். வலது பக்கம் கொஞ்சம் இழுக்கும் படகு அது, அதைக் கண்டுபிடித்துவிட்டானா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். கண்டுபிடித்திருந்தான்.

முன்னே இரு பக்கமும் மீன்படகுகளும் கரித் தோணிகளும் வரிசையாகத் துடுப்பைத் தூக்கின. கொடி ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போனது. எருமை துடுப்பைப் போட்டு, அதே வழியில், பீப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, பின்னால் மெதுவாக நகர்ந்தது. முதல் மீன்படகின் பக்கத்தில் வந்தபோது அதன் துடுப்புகள் இன்னும் மேலேயே இருந்தன. கை மறந்திருக்கும் என்று நினைத்தார். அடுத்ததிலும் மேலேயே இருந்தன. அதற்கடுத்த கரித் தோணியிலும். கொடி எங்கோ முன்னால், அலுவலகத்துப் படித்துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. துரை தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் தமக்குத்தான் என்று நினைத்திருப்பார்.

"அண்ணே" என்றான் வாயாடி. பிறகு அவனே வாயை மூடிக்கொண்டான்.

எல்லோரும் முழங்காலைப் பார்த்திருந்தார்கள். கரித் தோணியின் கிழவரும். யாரும் சிரிக்கவில்லை. எருமை தாண்டிய பிறகுதான் பின்னால் ஒவ்வொரு படகாக, துடுப்பு நீரில் விழும் சத்தம் கேட்டது. சுக்கான்காரர் தன் கம்பத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். எருமைக்குக் கம்பமே கிடையாது. அங்கே வானம்தான் இருந்தது. அவர் முதுகு நிமிர்ந்தது, தாடை ஒரு விரற்கடை மேலே போனது. மனைவி பார்க்கிறாள் என்று தெரிந்தும் அவரால் அதைக் கீழே இறக்க முடியவில்லை.

பீப்பாய்மேல் சாய்ந்திருந்த மனைவி நேராக உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தோளில் தூங்கிய பேத்தியை மெல்ல இறக்கி, கழுத்துக்குக் கை கொடுத்து, முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி ஏந்திப் பிடித்தாள். தூக்கிய துடுப்புகளின் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எருமை அதற்கே உரிய சாவதானத்தோடு, அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே, இன்னும் போய்க்கொண்டிருந்தது.